மஞ்சள் குண்டி தேய்ந்த வருஷம்

போன வாரம் மகளின் விளையாட்டுப் பெட்டியைப் பிரித்தேன். கையில் பிடித்துக்கொண்டு ஆடுவார்களே, நடுவில் திரையும் இரண்டு பக்கமும் பொத்தான்களுமாக, அதுதான். வலப்பக்கப் பொத்தான் ஒன்று அழுத்தினால் உள்ளே போய் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது. "குண்டி ஒத்துனா ஒர்க் ஆகல மம்மி" என்று கொண்டுவந்து நீட்டினாள். நான் முதலில் பொத்தானைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். அடுத்து அவளுடைய அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை முடியும்வரை பெட்டி பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. பூட்டி வைத்த பொருள் எப்படிக் கெடும்? "சும்மா இருந்தாலும் கெட்டுப் போகும், விடு" என்று அவர் சொன்ன விதமே எனக்குச் சரியாகப் படவில்லை. பிரித்துப் பார்த்தால் பொத்தானைச் சுற்றி கிரீம் பிஸ்கட் தூள் அப்பிக் கிடந்தது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் வந்த சந்தேகம் போக இரண்டு நாளாயிற்று.

மேலே போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோயம்புத்தூர்ப் பக்கமோ திருச்சிப் பக்கமோ இருந்தால் என் மகள் பேசியதைப் படித்து முகம் சுளித்திருப்பீர்கள். கன்னடத்தில் குண்டி என்றால் பொத்தான். சட்டைக்குத் தைப்பதும் குண்டி, லிஃப்டில் அழுத்துவதும் குண்டி. கணபதி என்னும்போது வருகிற ககரத்தைப் போட்டுச் சொல்வார்கள். அந்த ககரத்துக்கு நம்மிடம் தனி எழுத்து கிடையாது, அதனால் எழுதினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. மைசூரில் பிறந்து வளர்ந்த எங்கள் வாயில் அது தமிழாகவே ஆகிவிட்டது. சின்ன வயதில் அம்மாவின் ஊரான கொளத்தூரில், மேட்டூருக்குப் பக்கம், ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பந்தி நடுவில் நின்றுகொண்டு, "மாமாவுக்கு ரெண்டு குண்டி காணோம்" என்று உரக்க அறிவித்தவள் நான். மாமாவின் சட்டையில் உண்மையாகவே இரண்டு பொத்தான் இல்லை. அந்த ஊரில் எனக்கு இன்னும் அந்த வார்த்தைதான் பெயர்.

பெட்டியின் முதுகைக் கழற்றியதும் ஒரு வாடை வந்தது. வியர்வை ஊறிய ரப்பர் வாடை. பொத்தானுக்கு அடியில் சின்ன ரப்பர் மெத்தை ஒன்று இருக்கும், அதன் அடியில் கறுப்பாக ஒரு வட்டப் பூச்சு. அழுத்தும்போது அந்தக் கறுப்பு கீழே இருக்கும் தகட்டைத் தொடவேண்டும், தொட்டால்தான் ஆட்டம் நகரும். கறுப்பு தேய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. பி.காம். படித்த ஒருத்திக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அந்தக் கறுப்பு தேய்ந்து, அதனால் வீடே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தது. அப்போது நான் கல்லூரியில் முதல் வருஷம், தம்பி பத்தாம் வகுப்பு.

தம்பியுடைய பெட்டி இந்தக் காலத்துப் பெட்டி மாதிரி ஆடம்பரமானது இல்லை. சாம்பல் நிறத் திரையில் கறுப்புக் கட்டங்கள் மேலிருந்து விழும், அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்கவேண்டும். இடப்பக்கம் சின்னச் சின்னக் குண்டிகள். வலப்பக்கம் பெரிதாக, உப்பலாக ஒரு மஞ்சள் குண்டி. கட்டத்தைத் திருப்புவது அதுதான், அதனால் அடி வாங்குவதும் அதுதான். தேவராஜா மார்க்கெட் பக்கத்துச் சந்தில் அப்பா வாங்கித் தந்தது. அவன் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் அம்மா அதைப் பிடுங்கி, ஊருக்கே வேகவைக்கிற அளவுக்கு இருக்கும் பழைய இட்லிப் பானைக்குள் போட்டு, பரண்மேல் ஏற்றச் சொல்லிவிட்டாள். வீட்டில் உயரமானவர் அப்பா. அவர்தான் ஏற்றினார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம் கௌதள்ளி. விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகள் மண்ணோடு நிற்க, இவர் மட்டும் படித்துவிட்டு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பாளராகச் சேர்ந்தார். குடியிருப்பு மைசூரில். காலையில் டிபன் பையோடு ரயிலுக்குப் போவார், சாயங்காலம் அதே பையோடு வருவார். அதிகம் பேசமாட்டார். வீட்டில் பேசுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் பேச்சில் பாதி விசாரணை. பால் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். கேஸ் சிலிண்டரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். கொத்தமல்லிக் கட்டுக்காரர் எங்கள் வாசல் வந்தால் தானாகவே கட்டைப் பிரித்துக் காட்டிவிடுவார். நாங்கள் வெளியே போய் வந்தால் வாசலில் நிறுத்தித் தலையை மோந்து பார்ப்பாள். தியேட்டருக்குப் போனால் ஒரு வாடை, ஹோட்டலுக்குப் போனால் ஒரு வாடை என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. என் தலையில் ஒருமுறை மல்லிகை வாடை அடித்ததற்கு, நான் எந்தக் கோயிலுக்கும் போகவில்லையே, பூ யார் கொடுத்தது என்று ஒரு வாரம் கேட்டாள். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் பூ. நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது.

அந்த வருஷம் தசராவில் அம்மாவின் மூக்கில் ஒன்று பட்டது. ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் வருஷா வருஷம் பொரி, கடலை, ஒரு ஸ்வீட் பெட்டி கொடுப்பார்கள். அந்த முறை பெட்டி வேறு கடைப் பெட்டியாக இருந்தது. மைசூர்பாக்குக்குப் பதில் ஜிலேபி. அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏனுங்க, கடைய மாத்திட்டாங்களா" என்றாள். அப்பா, "ம், மாத்திட்டாங்க" என்றார். "மொதலாளி கஞ்சனாயிட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எங்களுக்கு ஆளுக்கொரு ஜிலேபி கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

சங்கராந்தி லீவு வந்தது. எள்ளும் வெல்லமும் கலக்கிற மும்முரத்தில் அம்மா மனம் இளகி, பையன் இரண்டு நாள் ஆடிக்கொள்ளட்டும் என்று பானையை இறக்கச் சொன்னாள். தம்பி பெட்டியை எடுத்ததும், "ஏ, இது யாரு ஆடுனது" என்றான். மஞ்சள் குண்டி நடுவில் வெளுத்து, ஓரமெல்லாம் பளபளத்துக் கிடந்தது. அதன்மேல் இருந்த எழுத்து சுத்தமாகக் காணோம். பரணில் ஏற்றும்போது எழுத்து இருந்தது என்று அவன் சாதித்தான். அம்மாவும் பார்த்தாள். அவள் கண் நேராகத் தம்பியிடம் போயிற்று.

"தேவராணெ நான் இல்ல" என்றான். கடவுள்மேல் ஆணை என்பதற்குக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். அவன் தமிழில் பொய் சொல்வான், கன்னடத்தில் சத்தியம் செய்வான்.

அவன் என்னைச் சந்தேகப்பட்டான். மத்தியானம் கல்லூரி விட்டு முதலில் வீட்டுக்கு வருகிறவள் நான்தானே. நான் அவனைச் சந்தேகப்பட்டேன், பள்ளிக்கூடத்துக்கு மறைத்து எடுத்துப் போகிறான் என்று. அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துச் சந்தேகப்பட்டாள். சுவர்க் கடிகாரம் கொஞ்ச நாளாக ஏன் பின்னாலேயே ஓடுகிறது என்பதும் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. யாரோ அதிலிருந்த நல்ல பென்சில் செல்லை எடுத்துக்கொண்டு, தீர்ந்துபோகிற செல்லைப் போட்டு வைத்திருக்கிறார்கள். டிவி ரிமோட்டிலும் அதே கதை. அப்பாவைச் சந்தேகப்பட எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் அப்பா, அவ்வளவுதான்.

தையல் மெஷின் டப்பாவிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரால் பெட்டியை நானே பிரித்தேன். அப்போதுதான் அந்த ரப்பர் வாடையை முதன்முதலில் மோந்தேன். மஞ்சள் குண்டியின் ரப்பர் அடியில் கறுப்பே இல்லை. அந்த இடத்தில் வெள்ளிக் காகிதத்தை வட்டமாக வெட்டி, அழகாக ஒட்டியிருந்தார்கள். அம்மா அதை நகத்தால் உரித்து எடுத்தாள். வெளிச்சத்தில் பார்த்தாள், மோந்தாள். முகம் மாறியது.

"இது சிகரெட் பாக்கெட்டுல இருக்கறது" என்றாள்.

எங்கள் வீட்டில் சிகரெட் பிடிக்கிறவர் யாருமில்லை. தம்பியின் சட்டைப்பை, பள்ளிப்பை, தலையணை உறை என்று எல்லாம் கவிழ்ந்தன. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காததே அவளுக்குப் பெரிய சாட்சியாகப் போய்விட்டது. எதிர்வீட்டுப் பையனோடு பேசக்கூடாது என்று தடை விழுந்தது. தம்பி இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தான், மூன்றாம் வேளை சாப்பிட்டுவிட்டான். அப்பா அன்று சாயங்காலம் வந்ததும் அம்மா அவரிடம் வெள்ளிக் காகிதத்தைக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் அப்படிப் பண்ற பையன் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். பெட்டி மறுபடியும் பானைக்குள் போனது, வெள்ளிக் காகிதம் இல்லாமல்.

வெள்ளிக் காகிதம் இல்லாத பெட்டியில் மஞ்சள் குண்டி செத்த குண்டி. அதனால்தான் அடுத்தது நடந்தது.

தை மாதக் கடைசியில் கொளத்தூரிலிருந்து சித்தி வந்தாள், அம்மாவின் தங்கை. ஒரு மூட்டை நிலக்கடலை, கொஞ்சம் எள், அந்த ஊர்ச் செய்திகள் எல்லாம் கொண்டுவந்தாள். சித்திக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். கொஞ்சம் தமிழ் மாதிரித்தானே இருக்குது, காது கொடுத்துக் கேட்டால் புரியும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை, தலைக்குக் குளித்துவிட்டுப் பின்பக்கம் துணி காய்கிற கொடிக்கு அந்தப்புறம் நின்று முடியை உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். இந்தப்புறம் அப்பா மொபைலில் தணிந்த குரலில் யாரிடமோ பேசியிருக்கிறார்.

"குண்டி பூர்த்தி சவெதோகிதெ. ஒத்திதரெ ஒளகடெ ஹோகுத்தெ, ஆச்செ பரல்லா. மனேலி யாரிகூ கொத்தில்லா. நாளெ பெளிகெ பர்தீனி."

பொத்தான் முழுக்கத் தேய்ந்துவிட்டது, அழுத்தினால் உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை, வீட்டில் யாருக்கும் தெரியாது, நாளைக் காலை வருகிறேன். ரிப்பேர் கடைக்காரரிடம் அப்பா சொன்னது இதுதான். சித்தியின் காதில் விழுந்தது வேறு. குண்டி என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. ஒத்தடம் என்று ஏதோ வந்தது. உள்ளே போவதும் வெளியே வருவதும் புரிந்தது. மனையில் யாருக்கும் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. காலையில் போகிறாராம், டாக்டரிடம்தான்.

அவள் அந்த ஒரு வார்த்தையை அப்படியே அம்மாவிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இருபது வருஷம் மைசூரில் குப்பை கொட்டிய அம்மாவுக்குக் குண்டி தெரியாதா? ஆனால் அக்காவின் புருஷனைப் பற்றிப் பேசும்போது ஒரு மரியாதைப்பட்ட பெண் அந்த வார்த்தையை வாயில் வைப்பாளா? அடுப்படியில் அம்மாவை ஒட்டி நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, மாமாவுக்கு மூலமாட்ட இருக்குதுங்க்கா. டாக்டருகிட்டப் பேசிட்டிருந்தாரு. பாவம், முத்திப்போச்சாட்ட. ஊட்ல யாருக்குஞ் சொல்லலையாமா."

எனக்கு இது பல வருஷம் கழித்துச் சித்தியே சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு நான் பார்த்தது விளைவுகளை மட்டும். அம்மா அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. ஊரையே குறுக்கு விசாரணை செய்கிறவள் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. இதை ஒரு ஆம்பிளையிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம். கேட்காமலேயே வைத்தியம் ஆரம்பித்தாள். கருணைக்கிழங்குக் குழம்பு, கருணைக்கிழங்கு மசியல், கருணைக்கிழங்குப் பொரியல். சாம்பாரில் மிளகாய் நின்றது. அப்பாவுக்கு உயிரான வரமிளகாய்த் துவையல் காணாமல் போனது. ரயில்வே லைன் ஓரத்திலிருந்து துத்தி இலை பறித்து வந்து வதக்கி வைத்தாள். டிபன் பையில் தனியாக ஒரு பாட்டில் மோர். அவர் உட்காரும் நாற்காலியில் என் தலையணை ஏறியது.

அம்மா அப்பாவிடம் இப்படி மெதுவாகப் பேசி நான் பார்த்ததே இல்லை. அவர் எழுந்தால் பின்னாலேயே பார்ப்பாள், கண் கலங்கும், என்னைப் பார்த்ததும் வெங்காயத்தை எடுத்துக்கொள்வாள். அப்பாவுக்குப் பெரிய வியாதி, எங்களிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். கல்லூரியில் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் இல்லாத வீட்டை நினைத்து நினைத்து அழுவேன். தம்பியிடம் சொன்னதற்கு அவன், "ஏனோ இதெ அக்கா, கண்டிப்பா ஏனோ இதெ" என்றான். என்னவோ இருக்கிறது என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது.

அப்பாவும் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார். தட்டில் கருணைக்கிழங்கு விழும்போதெல்லாம் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார். அம்மா பார்வையைத் திருப்பிக்கொள்வாள். இந்தக் கரிசனத்துக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கமுடியும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் அந்தத் தலையணையை உருவி ஓரமாக வைத்தார். சித்தி ஊருக்குப் போயிருந்தாள். அப்பா சோற்றில் கையை வைத்துக்கொண்டே கேட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா என்னங்க. இதுல வெக்கப்படறதுக்கு என்ன இருக்குது. எல்லாத்துக்கும் வர்றதுதான்."

"எனக்கு மட்டும் வரல. அங்க இருந்த அத்தன பேத்துக்கும் வந்துச்சு."

"அத்தன பேத்துக்குமா?" அம்மா திகைத்தாள். "அங்க தண்ணி சரியில்லையா?"

அப்பா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எத்தனை நாளாக என்று அம்மா கேட்டாள். "தசராவுக்கு முன்னாடியிருந்து" என்றார்.

"இத்தன மாசமா உக்கார முடியாம இருந்திருக்கறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

"உக்கார எடத்துக்கா பஞ்சம்? ஸ்டேஷன்ல உக்காருவேன். அங்க போலீஸ்காரன் ரெண்டு வாட்டி பாத்துட்டான்னா குக்கரஹள்ளி ஏரிக்குப் போயிருவேன்."

"ஏரிக்கு எதுக்குங்க போறீங்க? டாக்டரு என்ன சொன்னாரு? அறுக்கோணும்னுட்டாரா?"

"எந்த டாக்டரு?"

"நீங்க போன்ல பேசுன டாக்டரு. மூலத்துக்கு."

"யாருக்கு மூலம்?"

தம்பி களுக்கென்று சிரித்துவிட்டான். அம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க எதைச் சொல்றீங்க?"

"பாக்டரிய மூடிட்டாங்க, புள்ள."

தம்பி சிரிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் இருமினான். அப்பா கை கழுவாமலேயே எழுந்து போய் டிபன் பையிலிருந்து அந்த விளையாட்டுப் பெட்டியை எடுத்து வந்து, இடது கையால் எங்கள் நடுவில் வைத்தார். மஞ்சள் குண்டி உள்ளே அமுங்கிக் கிடந்தது. "இது குண்டி போயிருச்சு. இதத்தான் ரிப்பேர் கடைக்காரன்கிட்டப் போன்ல கேட்டேன், போனா முடியாதுன்னுட்டான்" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முதல் வாரம் தினமும் நஞ்சன்கூடு போய்ப் பூட்டின கேட்டின் முன்னால் மற்றவர்களோடு நின்றிருக்கிறார். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் மைசூர் ஸ்டேஷனோடு நின்றுவிட்டார். கணக்கு முடித்துக் கொடுத்த தொகையிலிருந்து மாதம் பிறந்தால் சம்பளம் என்று அம்மாவிடம் தந்திருக்கிறார். ஆயுத பூஜைப் பெட்டியும் அவரே வாங்கியது. வேலை கிடைத்துவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்.

"கேம் எதுக்குப்பா?" என்று நான்தான் கேட்டேன்.

"சும்மா உக்காந்திருந்தா, ஏன் உக்காந்திருக்கேன்னு ஒருத்தரில்ல ஒருத்தர் பாக்கறாங்க கண்ணு. கையில எதையாச்சும் வெச்சு அமுக்கிட்டிருந்தா யாரும் கேக்கறதில்ல."

அப்போது எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை. பெரிய வியாதி இல்லை என்ற நிம்மதியும் அதில் சேர்ந்திருந்தது, அதனால் இன்னும் அதிகமாக வந்தது. அம்மா அழவில்லை. பெட்டியைக் கையில் எடுத்து அந்த வெளுத்த மஞ்சளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிகரெட் காகிதம் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். ஏரிக்கரை டீக்கடையில் கேட்டு வாங்கினேன், ஒட்டுவதற்கும் அங்கேயே ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார் என்றார். "எல்லாத்தையும் மோந்து மோந்து பாத்தனே. உங்கள மட்டும் ஒரு நாளு மோந்து பாக்கலயே" என்றாள்.

மறுநாள் காலையில் அப்பா எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அம்மா டிபன் பையைக் கொண்டுவந்து வைத்தாள். "கெளம்புங்க. தெருவுல கேப்பாங்க" என்றாள். அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால், அம்மாவும் புடவை மாற்றிக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நானும் வருகிறேன் என்று அவள் சொல்லவும் இல்லை, எதற்கு என்று அவர் கேட்கவும் இல்லை. கல்யாணம், சாவு தவிர இருவரும் சேர்ந்து வெளியே போய் நாங்கள் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஏன்ரீ, இப்பரூ எல்லிகெ?" என்றாள். இருவரும் எங்கே என்கிறாள். "நஞ்சன்கூடு, தேவஸ்தானக்கெ" என்றாள் அம்மா, கண்ணைக்கூட இமைக்காமல்.

அப்படித்தான் எங்கள் தெருவில் அம்மாவுக்குப் பெரிய பக்தை என்ற பெயர் வந்தது. ஏதோ வேண்டுதலாம், தினமும் நஞ்சன்கூட்டு ஈஸ்வரனைப் பார்க்கப் போகிறாளாம். பிரசாதம் கேட்க ஆரம்பித்தார்கள். அம்மா வீட்டு விபூதியைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போய், சாயங்காலம் அதையே திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல்கூட இறங்கியதாம். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் கல்லூரிக்குப் போகும் வழியில் தூரத்திலிருந்து பார்த்தேன். அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பேசிக்கொண்டிருந்தார். அப்பா அவ்வளவு நேரம் பேசுவார் என்பது எனக்குப் புதிய செய்தி.

மழை பிடிக்கும் நேரத்துக்கு அவருக்கு வேலை கிடைத்தது. கொள்ளேகாலில் பெரியப்பாவுக்குத் தெரிந்தவரின் பம்ப்செட் கடை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். அங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டார், சனிக்கிழமை ராத்திரி வருவார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவுக்குப் போன் வரும். "கடை சாத்தியாச்சு. ரூமுக்கு நடந்து போயிட்டிருக்கேன். இப்ப பஸ் ஸ்டாண்ட் தாண்டுறேன்." எங்கே இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு விசேஷமே இருக்காது. "நானென்ன கேட்டனா" என்பாள் அம்மா ஒவ்வொரு தடவையும். ஆனால் ஐந்தரைக்கே அடுப்பை அணைத்துவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவர் சொன்னதை ஒருநாளும் சரிபார்த்ததில்லை. பல வருஷம் இப்படி நடந்தது. எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்த பிறகும் நடந்தது.

இப்போது நஞ்சன்கூட்டில் அந்தக் கேட் இல்லை. காம்பவுண்டை இடித்து மனை போட்டு, கல் நட்டு, வண்ணக் கொடி கட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் டீக்கடை இருந்த இடத்தில் நடைபாதைக் கம்பி வந்துவிட்டது. கட்டம் அடுக்குகிற பெட்டியைத் தேவராஜா மார்க்கெட்டில் கேட்டால் கடைக்காரப் பையன்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் போய்விட்டார். அம்மா என்னோடு இருக்கிறாள். பால் பாக்கெட்டை அவள் தூக்கிப் பார்ப்பதில்லை. அந்த வேலையெல்லாம் இப்போது நான்தான் செய்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் மொபைல் அடித்தது. யாரோ ஒரு பெண், கடன் வேண்டுமா என்று கன்னடத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். முடிந்ததும், "ஆய்த்தம்மா, ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாடு விசாரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியாத நம்பரை எடுக்காதே, ஏமாற்றுக்காரர்கள், ஏதாவது நம்பர் கேட்டால் சொல்லிவிடாதே என்று அடுக்கினேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் அம்மா. "இந்த நேரத்துக்கு அடிச்சா எடுத்துப் பழகிப்போச்சு."